ஊசிச் சண்டை முடிந்தது, தம்பி மட்டும் திரும்பி வரவில்லை

சிங்கப்பூர் வாசகி ஒருவரின் கடிதம்:

"எனக்கு 54 வயது. ஈசூனில் இருக்கிறேன், ஒரு மருந்தகத்தில் வேலை. தம்பிக்கு 50 வயது. உட்லண்ட்ஸில் இருக்கிறான், பாலிடெக்னிக்கில் படித்தவன், தொழிற்சாலையில் இரவு வேலை. 2021 ஏப்ரலில் கொவிட் தடுப்பூசிக்குப் பதிவு செய்திருந்தான். நடிகர் விவேக் இறந்த செய்தி வந்ததும் ரத்து செய்துவிட்டான். அப்புறம் தினமும் ஊசிக்கு எதிராக ஒரு வீடியோ அனுப்புவான். அம்மாவுக்கு அப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்த வருடத் தீபாவளிக்கு முன்னால், 'ஊசி போடாமல் இந்த வாசலை மிதிக்காதே, நீ அம்மாவைக் கொல்லப் பார்க்கும் கொலைகாரன்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். மாமா, சித்தப்பா எல்லோரும் பார்த்தார்கள். அவன் பதிலுக்கு என்னை 'அரசாங்கத்தின் கைத்தடி' என்றான். அன்றோடு பேச்சு நின்றது. 2022 ஜனவரியில் வேலைக்காகச் சைனோவேக் ஊசி போட்டுக்கொண்டானாம், அதுகூட அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா போன வருடம் வேறு காரணத்தால் தவறிவிட்டார். மண்டாய்த் தகனச்சாலையில் எல்லாக் காரியமும் அவன்தான் செய்தான், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. 2025 மே தேர்தல் சமயத்தில் குழுவில் மறுபடி சண்டை. நான் ஒரு கட்சி, அவன் ஒரு கட்சி. நடுவில், 'படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டேன், ஒருத்தர்கூட சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை' என்று எழுதினான். அடுத்த மாதம் அம்மாவின் முதலாண்டுத் திதி. படித்தவன் எப்படி அதையெல்லாம் நம்பினான்? நான் செய்தது தப்பா? அவனை எப்படிக் கூப்பிடுவது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் தடவை ஊசி, கட்சி, வாட்ஸ்அப் என்றுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது தடவை அந்தப் பொட்டலத்தில் வந்து நின்றுவிட்டேன். நீங்கள் அதைத் தேர்தல் சண்டையோடு சண்டையாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி நான்கு வருடமாக உங்களிடம் சொல்ல நினைத்ததே அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் படுகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதற்காகச் சண்டை போட்டீர்களோ, அதில் எது இன்று மிச்சமிருக்கிறது? ஊசியை அவர் போட்டுக்கொண்டுவிட்டார். அம்மா கொவிட்டுக்குத் தப்பிப் பிழைத்து, பின்னால் வேறு காரணத்தால் போனார். தடுப்பூசி போட்டவர், போடாதவர் என்று பிரித்து வைத்த விதிகளில் பெரும்பாலானவை 2022 ஏப்ரல் 26இல் நீங்கின, மிச்சம் அக்டோபர் 10இல் போயிற்று. ரயிலில் முகக்கவசம் போட வேண்டிய கட்டாயமும் 2023 பிப்ரவரி 13இல் முடிந்தது. நீங்கள் இருவரும் மட்டும் இன்னும் 2021 தீபாவளியிலேயே நிற்கிறீர்கள். "இது சரியா" என்று கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் எங்கோ ஓர் இடத்தில் "நீ யார் பக்கம்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தக் கேள்விக்கு ஊசியைப் பற்றிப் பேசிப் பதில் கண்டுபிடிக்க முடியாது.

உங்களை மட்டும் குறைசொல்லவில்லை. அந்த இரண்டு வருடமும் நாம் எல்லோரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். 2020 ஏப்ரல் 20 நினைவிருக்கிறதா? சர்க்யூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம். அன்று ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று. அந்த எண்ணைக் கேட்டதும் என் வயிறு கலங்கியது. அடுத்த வரியில், அவர்களில் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 16 பேர்தான், மற்றவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இருப்பவர்கள் என்று வந்தது. நான் பெருமூச்சு விட்டேன். விட்டபிறகுதான் உறைத்தது. அந்த விடுதிகளில் ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேராகப் படுத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் இருந்து வந்தவர்கள். என் மொழி பேசுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் என் பக்கத்தில் நின்று காய்கறி வாங்கியவர்கள். தினமும் மாலையில் "சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை" என்று இரண்டு கணக்காகக் கேட்டுக் கேட்டு, சில நாளிலேயே என் மனம் அவர்களை வேறு கணக்கில் எழுதிவிட்டது. தொற்றைத் தடமறிய அப்படிப் பிரித்துக் கணக்கெடுத்ததற்குக் காரணம் இருந்தது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெருமூச்சுக்கு நான்தான் பொறுப்பு. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது என்று தெரியவந்தபோது, அந்த மாலை எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

பிரிப்பதற்கு மனித மனத்துக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். நீ இந்த ஓவியர் குழு, நீ அந்த ஓவியர் குழு என்று பிரித்தார். உண்மையில் பிரித்ததுகூட ஓவியத்தை வைத்தல்ல, குருட்டாம்போக்கில். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றே எந்தப் பையனுக்கும் தெரியாது. பிறகு மற்றப் பையன்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். தனக்கு அதில் ஒரு காசும் வராது என்று தெரிந்தும் பையன்கள் தங்கள் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். அதைவிட ஒன்று. தங்கள் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் பலரும் பிரித்தார்கள். ஓர் ஓவியத்துக்கே இந்தக் கதி. அம்மாவின் உயிர், வேலை, சோறு எல்லாம் நடுவில் இருக்கும்போது என்ன ஆகும்?

நம்மையும் பிறர் அப்படிப் பிரித்தார்கள். 2021 மே மாதம் டெல்டா வகைக் கிருமியை எல்லோரும் "இந்தியக் கிருமி" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சுவா சூ காங்கில் வேகநடை போய்க்கொண்டிருந்த 55 வயது இந்தியப் பெண் ஒருவர், முகக்கவசத்தை இறக்கி விட்டிருந்தார் என்பதற்காக இனத்தைச் சொல்லித் திட்டப்பட்டு, நெஞ்சில் உதைபட்டு விழுந்தார். அவர் பல தலைமுறையாக இங்கே இருப்பவரா, நேற்று வந்தவரா என்று உதைத்தவர் கேட்கவில்லை. அதைப் படித்துக் கொதித்த நம்மில் சிலரே, "ஊரிலிருந்து வந்தவர்களால்தான் நமக்கும் கெட்ட பெயர்" என்று காப்பிக்கடையில் பேசியதை நான் என் காதால் கேட்டேன். நம்மை ஒருவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினால், நாம் உடனே நமக்குள் இன்னொரு கோடு போட்டுக்கொள்கிறோம். உங்கள் குடும்பக் குழுவில் நடந்ததும் இதுதான்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். படித்தவர் எப்படி நம்பினார்?

படிப்பு இதற்கு மருந்தில்லை. சில சமயம் படிப்பே நோயைக் கூட்டும். அமெரிக்காவில் டான் கஹன் என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு சின்ன அட்டவணை. அதில் சில எண்கள். சிலரிடம் அதைத் தோலில் தடவும் ஒரு களிம்பின் சோதனை முடிவு என்று கொடுத்தார்கள். கணக்கு நன்றாக வருகிறவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். வேறு சிலரிடம் அதே எண்களைத் துப்பாக்கித் தடைச் சட்டத்தால் குற்றம் குறைந்ததா கூடியதா என்ற தகவல் என்று கொடுத்தார்கள். அமெரிக்காவில் துப்பாக்கி என்றால் கட்சி. இப்போது முடிவு தன் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் கணக்குப்புலிகள் சரியாகச் சொன்னார்கள், பாதகமாக இருந்தால் தடுமாறினார்கள். கணக்கு வராதவர்களிடம் இருந்ததைவிட, கணக்கு நன்றாக வருகிறவர்களிடம்தான் கட்சிப் பிளவு பெரிதாகத் தெரிந்தது. கெட்டிக்காரர் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தன் பக்கத்துக்கு வக்கீலாக அமர்த்திக்கொள்கிறார். உங்கள் தம்பி அனுப்பிய வீடியோக்களில் வரைபடமும் எண்ணும் நிறைய இருந்திருக்கும், இல்லையா? படிக்காதவரை அப்படி வளைக்க முடியாது.

நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியைச் சென்னை மாநிலத்தில் பரவலாகப் போட்டபோது அதை வெளிப்படையாக எதிர்த்தவர் ராஜாஜி. 1955இல் அதற்கென்றே ஒரு சிறு வெளியீடும் எழுதினார். முந்தின வருடம்வரை அந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர், படிப்பிலும் அறிவிலும் யாருக்கும் இளைத்தவரல்லர். ஆக உங்கள் தம்பியிடம் "உனக்கு மூளை இல்லையா" என்ற தொனியில் ஒருபோதும் பேச வேண்டாம். மூளை இருப்பதால்தான் வாதம் செய்கிறார்.

அதோடு, அவருடைய பயம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. விவேக் 2021 ஏப்ரல் 15இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போய் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார், பயப்படாமல் போடுங்கள் என்று சொல்வதற்காகவே. மறுநாள் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி விடியற்காலையில் போய்விட்டார். 59 வயது. இதயத்தின் இடப்பக்க முக்கிய இரத்தக்குழாயில் முழு அடைப்பு, அது ஒரே நாளில் வருவதில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று இந்திய அரசின் நிபுணர் குழுவும் பிறகு சொன்னது. ஆனால் சிரிக்க வைத்த அந்த முகத்தை வரவேற்பறையில் வைத்துப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்த 17ஆம் தேதி காலை எப்படி இருந்திருக்கும்? நம் வீடுகளில் அது எங்கோ ஒரு நடிகரின் மரணமாக இல்லை, வீட்டு ஆளைப் பறிகொடுத்தது போல இருந்தது. அன்று அவரிடம் ஒருவர் உட்கார்ந்து "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது இல்லையா" என்று முதலில் சொல்லியிருந்தால், அதற்குப் பின்னால் சொன்ன அடைப்புக் கணக்கு காதில் ஏறியிருக்கும். துக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் செய்தி அறிக்கையை அனுப்பினீர்கள். அவர் பதிலுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்.

இங்கேயும் பயத்துக்கு இடம் தந்த சம்பவங்கள் இருந்தன. 2021 ஜூலையில் 16 வயதுப் பையன் ஒருவன், முதல் ஊசி போட்ட ஆறாம் நாள், எடை தூக்கிவிட்டு வந்தபின் இதயம் நின்றுபோய் உயிருக்குப் போராடினான். ஊசியால் வந்த இதயத்தசை அழற்சியாக இருக்கலாம் என்று சுகாதார அமைச்சே சொல்லி 225,000 வெள்ளி உதவித்தொகை வழங்கியது. அபூர்வம்தான், ஆனால் மறைக்கவில்லை. 2020 தொடக்கத்தில் உடம்பு சரியாக இருப்பவர்களுக்கு முகக்கவசம் வேண்டாம் என்றார்கள், ஏப்ரலில் கட்டாயம் என்றார்கள். டிரேஸ்டுகெதர் செயலியின் தகவல் தொற்றைத் தடமறிய மட்டும்தான் என்றார்கள், 2021 ஜனவரியில் காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது, அப்புறம் கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கிறது. அரசாங்கத்தை நம்புகிறவர் அந்த விளக்கத்தைப் படிப்பார். ஏற்கெனவே மனத்தாங்கல் உள்ளவர் அந்த மாற்றத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே செய்தித்தாளைத்தான் படித்திருப்பார்கள்.

தடுப்பூசி உயிர் காத்தது. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை, உங்கள் அம்மாவின் வயதில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தந்தது என்பதை மருந்தகத்தில் இருந்த நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். தம்பி சொன்னதில் பெரும்பகுதி தவறு. ஆனால் தவறாகச் சொன்னவருக்கும் காரணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டால் உங்கள் கட்சி தோற்றுவிடாது.

அப்புறம், அரசியல். அமெரிக்காவில் முகக்கவசமும் ஊசியும் அப்படியே கட்சிக்கொடி ஆகிவிட்டன. ஒருவர் ஊசி போட்டாரா என்று தெரிய, யாருக்கு வாக்களித்தார் என்று கேட்டாலே பாதி விடை தெரிந்துவிடும் என்ற நிலைமை. இங்கே அப்படி ஆகவில்லை. ஆளும் மக்கள் செயல் கட்சி, எதிர்த்தரப்பில் பாட்டாளிக் கட்சி இரண்டுமே ஊசி வேண்டும் என்ற பக்கம்தான் நின்றன. அதனால் 2025 தேர்தல் சண்டையில் அவர் எழுதியதைக் கட்சிக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் கட்சி பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது வாசல். அந்த வாசலில் உங்களை ஒரு பக்கம், அவரை ஒரு பக்கம் நிறுத்திவிட்டதால், அதன்பின் எந்த விஷயம் வந்தாலும், பொதுத்தேர்தலோ விலைவாசியோ, இரண்டு பேரும் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டு கத்துகிறீர்கள்.

நீங்கள் செய்தது தப்பா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்.

அம்மாவுக்காக அவரை வீட்டுக்கு வர வேண்டாம் என்றது தப்பில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் வயதான உடம்பு, தீவு முழுக்க டெல்டா, ஒருநாளைக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு விருந்தினர் என்று விதியே இருந்த சமயம். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, கேட்டால் அது பொய்யாக இருக்கும், அவருக்கும் அது தெரிந்துவிடும்.

கொலைகாரன் என்றது தப்பு. அதை எல்லோரும் பார்க்க எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. தனியாகச் சொல்லியிருந்தால் அவர் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு மூன்றாம் நாள் பேசியிருக்கலாம். மாமா, சித்தப்பா, அக்காள் பிள்ளைகள் முன்னால் சொன்னபோது அவருக்குப் பின்வாங்க வழியே இல்லாமல் போனது. அன்றைக்கு ஊசி போட்டால், அக்காளிடம் தோற்றுப் போய்ப் போட்டான் என்றாகும். ஜனவரியில் போட்டதை உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். போடுவது அவருக்கு அப்போது கஷ்டமாக இல்லை, உங்கள் முன்னால் போட்டவராக நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவதாக ஒன்று, நீங்கள் கேட்காதது. 2021 அக்டோபர் 13 முதல் ஊசி போடாதவர்கள் உணவங்காடி நிலையத்திலும் காப்பிக்கடையிலும் உட்கார்ந்து சாப்பிட முடியாது, கடைத்தொகுதிக்குள் நுழைய முடியாது. அதற்கும் பொது நன்மை என்ற காரணம் இருந்தது. ஆனால் உங்கள் தம்பியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரவு வேலை முடிந்து வருகிறார். 46 வயது மனிதர். வாசலில் நிற்பவரிடம் கைபேசியில் ஊசிச் சான்றைக் காட்ட முடியாது. உள்ளே தெரிந்தவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரப்பர் வளையம் போட்ட பழுப்புக் காகிதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு புளோக்கின் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் விரித்துவைத்துச் சாப்பிடுகிறார். யாராவது படியேறி வந்தால் ஒதுங்க வேண்டும். அந்த வாரங்களில்தான் அவர் அக்காளிடமிருந்து "வாசலை மிதிக்காதே" என்று வந்தது. அம்மா இருக்கும் வீட்டுக்கு அவர் வர முடியாதது விதியின் வேலை, கிருமியின் வேலை. ஒரு போன் போட்டு, சாப்பிட்டாயாடா என்று கேட்காதது மட்டும் உங்கள் வேலை. சகோதரி, மன்னிப்பு அதற்கு வேண்டும்.

இப்போது எப்படிக் கூப்பிடுவது என்பது. குழுவில் கூப்பிட வேண்டாம். பார்வையாளர் இருந்தால் நீங்கள் இருவருமே மறுபடி நடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நடிப்பு என்று தெரியாமலே. மனைவி வழியாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம், அந்தப் பெண் நான்கு வருடமாக இருவருக்கும் நடுவில் நிற்கிறார், போதும். நீங்களே போன் செய்யுங்கள். இரவு வேலைக்காரர் என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எழுந்திருப்பார், அந்த நேரம் பாருங்கள்.

பேச்சில் முதலில் திதியைச் சொல்லாதீர்கள். திதியைச் சொன்னால், மகன் இல்லாமல் காரியம் நடக்காது, அதனால் கூப்பிடுகிறாள் என்று ஆகிவிடும். இப்படி ஆரம்பிக்கலாம்: "தம்பி, நீ படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதை மே மாதம் எழுதினாய். அன்றிலிருந்து அது என் மனசை விட்டுப் போகவில்லை. அப்போது நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குழுவில் உன்னை அப்படிச் சொன்னதும் என் தப்பு." இவ்வளவுதான். இதன் பின்னால் "ஆனால்" என்ற சொல் வரவே கூடாது. "ஆனால் அம்மாவுக்காகத்தான்" என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். அது உண்மை என்பதால் பின்னால் ஒருநாள் அவர் வாயாலேயே வரும், அல்லது வராமலே போகும்.

அவர் உடனே உருகிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோபமாக ஏதாவது சொல்வார். நான்கு வருடத்துக் கோபம், இரண்டு நிமிடத்தில் தீராது. ஒருவேளை, "இப்போதாவது ஒத்துக்கொள், அந்த ஊசி தேவையே இல்லாதது" என்று தொடங்கினால், அங்கேதான் கவனம் வேண்டும். வாதத்துக்கு வாதம் வைக்காதீர்கள். யாரையாவது அழுத்திப் பிடித்தால் அவர் எதிர்ப்பக்கம் இழுப்பார். ஆலோசனைத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. அதற்குப் பதிலாக, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு ஒன்று கேளுங்கள்: "அந்தச் சமயத்தில் உன்னை ரொம்பப் பயமுறுத்தியது எது?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விவேக்கைப் பற்றிச் சொல்லலாம். வேலை போய்விடும் என்று விழித்திருந்த இரவுகளைப் பற்றிச் சொல்லலாம். உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். அவர் சொல்லி முடித்தபின் நீங்களும் உங்கள் பயத்தைச் சொல்லுங்கள். டயாலிசிஸ் நாற்காலியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மாலையை, அப்படியே, நடந்தபடி. எண்களையும் கட்டுரைகளையும் சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் பயந்துபோய் இருந்தீர்கள், ஒரே அம்மாவின் பிள்ளைகளாக, எதிரெதிர்த் திசையில் ஓடினீர்கள். அது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தால் போதும், ஊசியைப் பற்றி ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. எத்தனையோ வீடுகளில் ஆளுக்கொரு கட்சிக்கு வாக்களித்துவிட்டு ஒரே மேசையில் இட்லி சாப்பிடுகிறார்கள்.

திதிப் பேச்சை அதன் பின் எடுங்கள், அல்லது அடுத்த போனில். "அம்மாவுக்கு என்ன சமைப்பது, உனக்குத்தான் தெரியும்" என்று கேட்டால் நல்லது. அம்மாவுக்குப் பிடித்ததைப் பற்றி இந்த உலகத்தில் உங்களுக்குச் சமமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அன்று வீட்டுக்கு வரும்போது மாமாவோ சித்தப்பாவோ பழையதைக் கிளறாமல் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே நீங்கள் போய், தம்பியின் காதுக்கு எட்டாமல், அவர்களிடம் சொல்லிவையுங்கள். குழுவில் நீங்கள் எழுதியதை அவர்களும் பார்த்தார்கள் அல்லவா, அதனால் ஒருநாள் அதே குழுவில் "அன்று நான் என் தம்பியை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதவும் தயாராக இருங்கள். அவரிடம் தனியாகச் சொன்னபின், அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும். நாலு பேர் முன்னால் எடுத்த மானத்தை நாலு பேர் முன்னால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். உங்களுக்கு அது கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

போனை எடுக்கவில்லை என்றால் ஒரு குரல்பதிவு அனுப்புங்கள், எழுத வேண்டாம். எழுத்தில் தொனி தெரியாது, உங்கள் இருவருக்கும் எழுத்தால்தான் இவ்வளவும் நடந்தது. அதற்கும் பதில் இல்லை என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி ஒரு முறை கூப்பிடுங்கள். மூன்றாவது முறை நச்சரிக்காதீர்கள். திதியன்று அவர் கோயிலில் தனியாகச் செய்தாலும் செய்யட்டும். அன்று மத்தியானம் சமைத்ததில் அவர் வீட்டுக்கும் நான்கு பேருக்கு எடுத்துவைத்து, உங்கள் மகனையோ மகளையோ உட்லண்ட்ஸுக்கு அனுப்புங்கள். பழைய பொட்டலத்தில் வேண்டாம், அம்மா வைத்திருந்த அடுக்குப் பாத்திரம் வீட்டில் இருக்கும் அல்லவா, அதில் போட்டு அனுப்புங்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க யாராவது ஒருவர் ஈசூனுக்கு வந்தாக வேண்டும்.